விண்டோஸ் 11 மடிக்கணினியில் பழைய விளையாட்டுகளை ஓட வைக்க எக்ஸ்பி நிறுவ வேண்டுமா?

வேண்டியதில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, ரோட் ராஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆகிய மூன்றும் கோபியில் வாங்கிய புதிய மடிக்கணினியில் ஓடவில்லை என்பதால் எக்ஸ்பிக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய மடிக்கணினிகளின் பாகங்களை எக்ஸ்பியில் இயக்குவதற்கான டிரைவர் மென்பொருள்கள் கிடைப்பது அரிது. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. உங்கள் விளையாட்டுகள் மூன்றையும் விண்டோஸ் 11 இலேயே ஓட வைக்க வழி இருக்கிறது.

ஈரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துவதால், அட்டாலியைச் சுத்தம் செய்தபோது கிடைத்த சிடியோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். "ஏனுங்க, செட்டப்பை அமுக்குனா இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு சொல்லிப்போட்டு நின்னுக்குதுங்க" என்பார்கள். பெரும்பாலோர் அதற்குள், நிரலைப் பழைய விண்டோஸில் இருப்பதுபோல இயங்க வைக்கும் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள். அந்த விளையாட்டு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்துகொண்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கான பிரின்ஸ் ஆஃப் பெர்சியா பதிப்பு 1990 இல் வந்தது. அது 16 பிட் நிரல், அதாவது இன்றைய 64 பிட் கணினிகளுக்கு வெகு முந்தைய தலைமுறை நிரல். விண்டோஸின் 64 பிட் பதிப்புகள் எவையும் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 11 க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே கம்பாட்டிபிலிட்டியில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பயன் இருக்காது. இதற்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பழைய செயலி, விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் அட்டை என்று அந்தக் காலத்துக் கணினி முழுவதையும் அது மென்பொருளாகவே உருவாக்கித் தருகிறது. விளையாட்டின் எக்ஸ்இ கோப்பை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மீது விட்டால் தானாகத் தொடங்கும். இளவரசனின் ஓட்டம் மிக மெதுவாகவோ தாறுமாறான வேகத்திலோ இருந்தால், கன்ட்ரோலோடு எஃப்12 ஐ அழுத்தி வேகத்தைக் கூட்டலாம், எஃப்11 ஐ அழுத்திக் குறைக்கலாம். ஒலி வராத விளையாட்டுகளில் அதன் ஒலி அமைப்பு நிரலைத் திறந்து சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுத்து, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். டாஸ்பாக்ஸின் இயல்பான அமைப்பு அதுதான்.

மற்ற இரண்டும் விண்டோஸ் 95, 98 காலத்தவை. ரோட் ராஷ் கணினிக்கு 1996 இல் வந்தது, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999 இல். இவை 32 பிட் நிரல்கள் என்பதால் விண்டோஸ் 11 இவற்றை மறுப்பதில்லை. ஆனால் அக்காலத்தில் விளையாட்டு 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருப்பது சாதாரணம். உங்கள் சிடியிலும் செட்டப்பே நின்றுவிடுகிறது என்றால் அநேகமாக அதுதான் காரணம். ஓடிவிஎம் என்ற இலவசக் கருவியைக் கொண்டு அத்தகைய செட்டப்பை இயக்கிப் பார்க்கலாம். நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸைத் தவிர்த்து வேறொரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். பழைய விளையாட்டுகள் சேமிப்புக் கோப்புகளைத் தம் ஃபோல்டருக்குள்ளேயே எழுதுபவை. விஸ்டாவுக்குப் பிறகு புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படி எழுத நேரடி அனுமதி இல்லை.

நிறுவிய பிறகு வரும் தொல்லை பெரும்பாலும் நிறத்தில்தான். விண்டோஸ் 7 கணினி ஒன்றில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஐ ஓட்டியபோது புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த விளையாட்டு 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வரைகிறது. பின்னணியில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் அந்தப் பட்டியலில் கைவைத்துவிடுவதால் நிறங்கள் இடம் மாறிவிடுகின்றன. டிஜிவூடூ 2 என்ற மென்பொருளின் டிடிரா டிஎல்எல் (DDraw.dll) கோப்பை விளையாட்டின் ஃபோல்டருக்குள் வைத்தால், பழைய வரைகலைக் கட்டளைகளை அது இன்றைய டைரக்ட்3டிக்கு மாற்றித் தந்துவிடும். பழைய விளையாட்டுகளுக்கான விண்டோஸ் கூறான டைரக்ட்பிளே வேண்டும் என்று விண்டோஸ் கேட்டால் தயங்காமல் அனுமதியுங்கள்.

நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற பூட்டுப் போட்ட சிடிகளின் நிலை வேறு. அந்தப் பூட்டு இயங்குதளத்தின் ஆழத்தில் ஒரு டிரைவரை நிறுவிக்கொள்ளும். அது பாதுகாப்புக்கு ஆபத்து என்பதால் 2015 இல் வந்த விண்டோஸ் 10 முதல் அதை ஏற்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய சிடி கையில் இருந்தும் விளையாட முடியாமல் போவது நியாயமே இல்லை. ஆனால் அதற்காகக் கண்ட தளங்களிலிருந்து கிராக் கோப்புகளை இறக்காதீர்கள். அவற்றோடு வைரஸ் புகுந்து வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் பறிபோன கணினிகளை என் கடையில் பார்த்திருக்கிறேன். 2008 முதல் இயங்கும் ஜிஓஜி தளத்தில் பல பழைய விளையாட்டுகள், டாஸ்பாக்ஸ் முதலானவற்றோடு பொருத்தப்பட்டு, பூட்டு இல்லாமலே விலைக்குக் கிடைக்கின்றன. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 க்கும் 2019 இல் புதிய பதிப்பு வந்திருக்கிறது.

இவற்றில் எதைத் தொடங்கும் முன்பும் சிடியை நகலெடுத்துக்கொள்ளுங்கள், கீறல் விழுந்தவற்றை முதலில் எடுங்கள். ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக எடுத்தால் தரவு மட்டுமே வரும். அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றில் இசை தனி ஆடியோ டிராக்காக இருப்பதால் அது விடுபட்டுப் போகும். இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளைக் கொண்டு பின், கியூ என்ற இரட்டைக் கோப்புகளாக எடுத்தால் இசையும் சேர்ந்து வரும்; டாஸ்பாக்ஸ் அவற்றை நேரடியாகவே படிக்கும்.