அட்வான்ஸ் கழியும்வரை சூளையை விட்டுப் போகக் கூடாதா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இருளர். அக்காவும் மாமாவும் 3 வருடத்துக்கு முன் மேஸ்திரி மூலம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கி, திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போனார்கள். ஆயிரம் கல்லுக்கு 650 ரூபாய் என்று பேச்சு. கையில் தருவது வாரம் 800. மாமாவின் அம்மா இறந்தபோது அவரை மட்டும் 2 நாள் விட்டார்கள். அக்காவையும் 12 வயதுப் பையனையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். இப்போது 1,15,000 பாக்கி, கட்டிவிட்டுப் போ என்கிறார் ஓனர். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தோம். அறிக்கை எழுத 5,000 கேட்கிறார் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்). வட்டிக்கு வாங்கியாவது கட்டிக் கூட்டி வந்துவிடலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஓனருக்கும் வேண்டாம், ஆர்.ஐ.க்கும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து நாளுக்கு 1,000 கல், வாரம் 6 நாள் என்றாலே 3,900 ரூபாய் வருகிறது. கையில் கொடுத்த 800 போக வாரம் 3,100 பிடித்தம். 13 வாரத்தில் 40,000 தீர்ந்துவிட்டது. அப்புறம் அது எப்படி 1,15,000 ஆக வளர்ந்தது? மழை நாள், உடைந்த கல், ஆஸ்பத்திரிச் செலவு என்று ஓனரின் நோட்டில் ஏறிக்கொண்டே போயிருக்கும்.

சட்டத்துக்கு இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976, பிரிவு 6 இப்படிப்பட்ட கடனை அடியோடு அழித்துவிட்டது. அதற்காக வழக்குப் போடவும் முடியாது. மாமாவிடம் வெற்றுப் பேப்பரிலோ புரோநோட்டிலோ கையெழுத்து வாங்கியிருந்தாலும் கவலை வேண்டாம். பிரிவு 9-இன்படி, அழிந்த கடனுக்குப் பணம் வாங்குவதே 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் பிரிவு 15-இன்படி ஓனருடையது.

‘அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை, அப்புறம் என்ன கொத்தடிமை?’ என்று அதிகாரிகளே கேட்பார்கள். முன்பணத்துக்காகக் கூலியில்லாமல் அல்லது குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை, வேறு வேலைக்குப் போக முடியாமை, விரும்பிய இடத்துக்குப் போக முடியாமை, தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்க முடியாமை: இதில் ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘2 நாள் லீவு விட்டேனே’ என்பார் ஓனர். மனைவியையும் பிள்ளையையும் ஈடாக வைத்துக்கொண்டு விட்ட லீவு அது. உங்கள் பக்கம் இருப்பதிலேயே பலமான சாட்சியம் அதுதான், மனுவில் தேதியோடு எழுதுங்கள்.

மனு தாலுகாவில் நிற்கக் கூடாது. சூளை இருக்கும் மாவட்டத்தின் கலெக்டருக்கும், அந்தப் பகுதி ஆர்.டி.ஓ.வுக்கும் (வருவாய்க் கோட்டாட்சியர்) நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எஸ்.பி.க்கு ஒரு நகல். சூளை வாசலில் பல நேரம் போர்டு இருக்காது. கல்லின் நடுவே பதித்திருக்கும் எழுத்துதான் அடையாளம். மாமாவிடம் ஒரு கல்லின் போட்டோவும் வாட்ஸ்அப்பில் லொக்கேஷனும் வாங்கிச் சேருங்கள். எத்தனை குடும்பம், எத்தனை குழந்தைகள் என்பதும் வேண்டும். மேஸ்திரிக்கு மூச்சு விடாதீர்கள். தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள்.

கேஸ் கெடுவது பெரும்பாலும் விசாரணையில். ஓனர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, ‘இங்கே ஏதாவது கஷ்டமா?’ என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? சூளைக்கு வெளியே, தனித்தனியாக வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். அட்வான்ஸை யார், எங்கே, எவ்வளவு கொடுத்தார், வாரம் என்ன கிடைத்தது, போகிறேன் என்றபோது என்ன பதில் வந்தது என்ற இவ்வளவும் வாக்குமூலத்தில் ஏற வேண்டும். ‘கூலித் தகராறு, பேசி அனுப்பிவிட்டோம்’ என்று முடிக்கப் பார்ப்பார்கள். சம்மதிக்காதீர்கள். ஆளைப் பஸ் ஏற்றிவிடுவது விடுதலை ஆகாது.

ஆர்.டி.ஓ. கையெழுத்திட்ட விடுதலைச் சான்று ஒவ்வொருவர் பெயரிலும் தனியாக வேண்டும். கடன் ரத்தானதற்கு ஆதாரம் அதுதான், உதவித்தொகைக்கு வாசலும் அதுதான். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. அதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முழு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம். இது வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் இழுக்கும்.

அதனால்தான் எஃப்.ஐ.ஆர். முக்கியம். 1976 சட்டத்தின் குற்றங்கள் எல்லாம் ஜாமீனில் விடக்கூடியவை. அபராதம் வசூலானால் தொழிலாளிக்கு நாளுக்கு 5 ரூபாய் என்று இன்னும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது! ஆகவே பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 143 (ஆள்கடத்தல்) சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பழங்குடியினர் என்பதால், ஓனர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(h) பொருந்தும். அதற்குத் தனி நிவாரணம் உண்டு. சாதிச் சான்றை இப்போதே எடுத்து வையுங்கள். பையனும் கல் புரட்டுகிறான் என்றால் அதையும் எழுதுங்கள், குழந்தைத் தொழிலாளர் சட்டமும் சேரும்.

ஆர்.ஐ. கேட்ட 5,000-க்கு வருவோம். அறிக்கைக்கோ சான்றுக்கோ கட்டணமே கிடையாது. 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்ப முடியும். நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்பது நல்லது. மாவட்டத்தின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலின் பவுடர் தடவித் தருவார்கள். அதை ஆர்.ஐ. வாங்கியபின் அவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஒன்று மட்டும் கவனம்: நீங்களாக நீட்டக் கூடாது, அவர் வாய்விட்டுக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். ‘கேட்டார்’ என்பது நிரூபணமாகாவிட்டால் பவுடர் கையில் ஒட்டியிருந்தும் கேஸ் நிற்காது.

கலெக்டர் அசையவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பழங்குடியினர், கட்டாய உழைப்பில் சிக்கியவர் என்ற இரண்டு வகையிலும் உங்கள் குடும்பத்துக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மனுவின் ஒப்புகையோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள்.