பல வருடம் நோயாளிகளையே பார்த்துவிட்ட மூத்த மருத்துவர், திரும்பவும் ஆராய்ச்சிப் பக்கம் வர நிதியுதவி கிடைக்குமா?

கிடைக்கும். கருவிக்குக் கிடைக்கும், டெஸ்ட் செலவுக்குக் கிடைக்கும், உங்களுக்குக் கீழே வேலை செய்யப்போகும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குச் சம்பளம் கிடைக்கும். உங்கள் நேரத்துக்கு மட்டும் கிடைப்பது கஷ்டம்.

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். பி.ஜி.யில் தீசிஸ் போட்டிருப்பீர்கள், இல்லை என்னைப் போல ஒரு ட்ரையலில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வீட்டு நிலவரத்தால் பிராக்டிஸுக்கு வந்திருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், எனக்குத் தெரிந்தது என் கதைதான்.

நான் நெஞ்சக நோய் மருத்துவர். தண்டையார்பேட்டையில் கிளினிக். எம்.டி. முடித்த கையோடு ஒரு காசநோய் மருந்து ஆய்வில் மெடிக்கல் ஆபீசராகச் சேர்ந்தேன். பாதி வேலை தெருவில். சொல்லாமல் கொள்ளாமல் நோயாளி வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ண வேண்டும். சிறுநீர் வாங்கி வந்து ஐசோநயாசிட் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். டிபி என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் பாட்டிலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, கேட்டால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்போம். காசிமேட்டில் ஒரு அம்மா என்னிடம் நிஜமாகவே பாலிசி கேட்டார். பிறகு மாமனாருக்கு ஸ்ட்ரோக், பையன் ஒன்றாம் கிளாஸ். வேலையை விட்டேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது ஞாபகம் இருக்கும். பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் நடுராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவியிருந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். அமோனியா ஈரத்தில் கரையும் வாயு. கண், மூக்கு, தொண்டை என்று ஈரம் உள்ள இடத்தில் முதலில் எரிக்கும், பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அதுவரை ஆஸ்துமாவே இல்லாத சிலருக்கு மட்டும் இருமலும் இழுப்பும் மாதக்கணக்கில் நிற்கும். இவ்வளவும் பாடப் புத்தகத்திலேயே உண்டு. பல வருடமாக மணலி ஆலைப் பகுதிக் காற்றைச் சுவாசித்த நுரையீரல் எப்படித் தேறும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

மீன் விற்கும் ஒரு அக்காவுக்கு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் டெஸ்ட், எடுத்தேன். மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று நானும் உதவியாளரும் கத்துகிறோம். இரண்டாவது தடவை இருமல் முட்டிக்கொண்டு வந்து குழாயைத் துப்பிவிட்டார். "ஏலத்துல கொரலே வர்ல டாக்டரம்மா. பக்கத்துல நிக்கறவ கூடைய எடுத்துனு பூடறா" என்றார். ரிப்போர்ட்டில் வரும் எண்ணை வைத்து இதைப் பிடிக்க முடியாது. இவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து எழுதினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

நிதிப் பிரச்சினை அங்கே ஆரம்பித்தது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளி ஆய்வாளர்களுக்குத் தரும் நிதிக்கு ஒரு நிறுவனத்தில் நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். முதன்மை ஆய்வாளருக்கு அதில் சம்பளம் கிடையாது. அதான் நிறுவனம் கொடுக்கிறதே என்பது கணக்கு. எனக்குக் கொடுக்க எந்த நிறுவனம் இருக்கிறது? பெண் என்பதால் வேறு கதவுகள் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பெண் விஞ்ஞானிகள் திட்டம் எம்.பி.பி.எஸ். படித்தவர்களையும் 57 வயது வரை சேர்த்துக்கொண்டது, இப்போது அதே துறையின் வைஸ்-கிரண் என்ற பெண்களுக்கான திட்டத் தொகுப்புக்குள் வேறு பெயரில் இருக்கிறது. பயோடெக்னாலஜி துறையின் பயோகேர் என்ற பெண் விஞ்ஞானிகளுக்கான திட்டம் இருக்கிறது. 2008இல் வந்த இந்தியா அலையன்ஸ் என்ற ஆய்வு நிதி அமைப்பு, மருத்துவர்களுக்கென்றே வயது வரம்பில்லாத ஃபெல்லோஷிப் கொடுத்தது, ஃபெல்லோவின் சொந்த ஊதியத்தையும் சேர்த்து. விதியும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். எதுவானாலும் ஒரு கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ உங்களை ஏற்றுக்கொள்கிறேன் என்று லெட்டர் தர வேண்டும். இங்கிலாந்தில் டாஃப்னி ஜாக்சன் என்ற இயற்பியல் பேராசிரியை 1985இலேயே, இடைவெளி விட்டவர்கள் பகுதி நேரமாகத் திரும்பி வரவும் மறுபயிற்சி எடுக்கவும் ஒரு திட்டம் தொடங்கினார். எனக்கு வேண்டியது அந்தப் பகுதி நேரம்தான்.

ஒரு தேர்வுக் குழு முன்னால் உட்கார்ந்தேன், எது என்று சொல்ல மாட்டேன். திரும்பி வருபவர்களுக்கென்றே உள்ள திட்டத்தில் ஒருவர் கேட்கிறார், கடைசி ஐந்து வருடத்தில் எத்தனை பேப்பர் என்று. இன்னொருவர், "நார்த் மெட்ராஸ்ல ஃபாலோ-அப்புக்கு ஆள் வருவாங்களா மேடம்? ரஃப் ஏரியாவாச்சே" என்றார்.

இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1956இல் இதே சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை எடுத்தவர்களையும் வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நெரிசலான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகமே சானடோரியத்தைக் கைவிட அது ஒரு முக்கியக் காரணம். அந்த நோயாளிகள் என்ன பணக்காரர்கள் வாழும் போட் கிளப் ரோட்டிலிருந்தா வந்தார்கள்? சினிமாக்காரர் பாலத்தைத் தாண்டி வடசென்னைக்குள் கேமராவைத் தூக்கி வந்தாலே எங்கள் பிள்ளைகள் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார். என் அக்கா மகளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் "ராயபுரமா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றது. மெட்ரோ விம்கோ நகருக்கு வரவே 2021 ஆனது. கன்டெய்னர் லாரிக்கு நடுவே ஆம்புலன்ஸ் நிற்பதைப் பற்றித் தனியாக எழுதலாம். சரி, விடுங்கள்.

அந்தக் குழுவிடம் கேட்ட நிதி எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் என்னோடு ரவுண்ட்ஸ் வந்த ஜூனியர் ஒருவர் இப்போது அசோசியேட் புரொஃபசர். அவர் முதன்மை ஆய்வாளர், நான் துணை. ஆய்வு கல்லூரியின் சின்னத் தொகையில் ஓடுகிறது. புதன், சனி மத்தியானம் கிளினிக்கை மூடுகிறேன். வாடகையும் உதவியாளர் சம்பளமும் அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான் போகிறது.

"டாக்டருங்க சம்பாதிக்கிறது பத்தாதா, இதுக்கும் மக்கள் வரிப்பணமா?" என்பவர்கள் எங்கள் பேட்டைக்கு வந்து, ஃபீஸ் கேட்டால் "அடுத்த வாட்டி தரேம்மா" என்று போகிறவர்களை எண்ணிப் பார்க்கட்டும். சின்ன வயசுக்காரர்களின் நிதியைப் பிடுங்கச் சொல்லவில்லை. எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்பது வருடக்கணக்காக நோயாளியைப் பார்த்தவருக்குத் தெரியும், அவருக்கு வாரம் இரண்டு மத்தியானம் வாங்கிக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

உங்களுக்குச் சொல்வது: முதலில் ஏற்கும் நிறுவனத்தைப் பிடியுங்கள், அடுத்து ஒரு புள்ளியியல்காரரை. ஜிசிபி (மருத்துவ ஆய்வை முறையாக நடத்தும் விதிகள்) பயிற்சியைப் புதுப்பியுங்கள். மருந்து ட்ரையல் என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு வேண்டும். சொந்த எத்திக்ஸ் கமிட்டி இல்லாத இடத்துக்கு, 2019 விதிப்படி அதே ஊரிலோ 50 கிலோமீட்டருக்குள்ளோ உள்ள கமிட்டியின் அனுமதி செல்லும். பட்ஜெட்டில் உங்களுக்குப் பதில் ஓபி பார்ப்பவரின் சம்பளத்தைத் தனி வரியாகப் போடுங்கள், வெட்டினால் வெட்டட்டும். அரசுப் பணியில் இருப்பவர் என்றால், வாரத்தில் எந்த நேரம் உங்களுக்கு ஓபி கிடையாது என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் வாயால் சொன்னது எதுவும் நிற்காது. நீங்கள் செவிலியராக இருந்தால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது, நர்சிங் காலேஜில் இருக்கும் யாராவது எழுதினால் நானும் படிப்பேன்.