டிரைவர் மேல் பழியா?

கேள்வி: ‘கார் டிரைவர் ஒருவர் தெரு மாறித் திரும்பியதால்தான் முதல் உலகப் போர் மூண்டது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சுட்டவன் அப்போது சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாமே! எல்லாம் விதிதானே, ஆசிரியரே?
(வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: சாண்ட்விச்சை முதலில் முடித்துவிடுவோம். சுட்டவன் பெயர் காவ்ரிலோ பிரின்சிப். அவன் நின்றது ஒரு தின்பண்டக் கடை அருகே. அதுவரை நிஜம். சாண்ட்விச், பிற்காலத்தில் யாரோ வைத்த தொடுகறி.

அடுத்து டிரைவர். பாவம், அவர் வழி தவறவே இல்லை. 1914 ஜூன் 28 காலை, அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த போஸ்னியாவின் சரயேவோ நகரில், ஆற்றங்கரைச் சாலையில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார்மீது ஒருவன் வெடிகுண்டு வீசினான். அது தப்பி, பின்னால் வந்த காரில் இருந்தவர்களைக் காயப்படுத்தியது. நகர மண்டபத்தில் வரவேற்பு முடிந்ததும், அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் இளவரசர். ஊருக்குள் நுழையாமல் ஆற்றங்கரையோடு நேராகப் போய்விடலாம் என்று பெரிய மனிதர்கள் கூடி முடிவெடுத்தார்கள். டிரைவர்களிடம் சொல்ல மட்டும் விட்டுப்போயிற்று. முன்னால் போன கார் பழைய திட்டப்படியே லத்தீன் பாலத்தருகே வலது பக்கம் திரும்ப, இளவரசரின் காரும் திரும்பியது. உள்ளே இருந்த கவர்னர் போட்டியோரெக், இது வழியில்லை என்று சத்தம் போட, டிரைவர் பிரேக்கை மிதித்தார். கார் நின்ற இடத்திலிருந்து நாலைந்து அடியில் பிரின்சிப். இரண்டே தோட்டா, இளவரசரும் மனைவி சோஃபியும் போய்ச் சேர்ந்தார்கள். மேலிடத்துக் குளறுபடிக்கு டிரைவர் தலையை உருட்டுவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.

சரி, அதனால் போர் வந்ததா? இளவரசர் செத்தது ஜூன் 28. பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. நடுவில் 37 நாள். அந்த 37 நாளில் யார் எந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினார்கள் என்று பார்த்தால் உங்கள் ‘விதி’யின் முகவரி கிடைத்துவிடும்.

ஆஸ்திரியத் தளபதி கான்ராட், 1913ஆம் வருஷத்தில் மட்டும் இருபது தடவைக்கு மேல் செர்பியாமீது படையெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அப்போதெல்லாம் வேண்டாம் என்று குறுக்கே நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இதே ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்தான்! அவர் சாவே கான்ராடுக்கு, வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி, ‘நீங்கள் என்ன செய்தாலும் நாங்கள் பின்னால் இருக்கிறோம்’ என்று தொகை எழுதாத செக்கை நீட்டியது. நீட்டிய கையோடு ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் வில்ஹெல்ம் நார்வேப் பக்கம் உல்லாசக் கப்பலில் கிளம்பிவிட்டார்.

செர்பியாவும் பச்சைப் பிள்ளை இல்லை. கொலைகாரர்களுக்குத் துப்பாக்கி கிடைத்தது செர்பியத் தலைநகர் பெல்கிரேடில். ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் செர்பிய ராணுவ உளவுத்துறைத் தலைவரே. ஆனால் ஆஸ்திரியா நியாயம் கேட்ட விதத்தைப் பாருங்கள். பிரெஞ்சு ஜனாதிபதி அப்போது ரஷ்யத் தலைநகரில் விருந்தாளி. அவர் கப்பலேறும் வரை காத்திருந்து, அவர் புறப்பாடு பிந்தும் என்று தெரிந்ததும் மாலை 5 மணி என்று வைத்திருந்ததை 6 ஆக்கி, ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு இறுதிக் கெடுவைக் கொடுத்தார்கள். பதில் சொல்ல 48 மணி நேரம்.

25ஆம் தேதி, கெடு முடியச் சில நிமிஷம் இருக்கும்போது செர்பியப் பிரதமர் பாஷிச் தானே பதிலை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியத் தூதரகம் போனார். கேட்டதில் பெரும்பகுதிக்குச் சம்மதம். எங்கள் மண்ணில் உங்கள் அதிகாரிகள் விசாரணையில் கலந்துகொள்வதற்கு மட்டும் இல்லை என்றது பதில். தூதர் கீஸ்ல் அதை ஒரு நோட்டம் விட்டார். பெட்டி படுக்கையெல்லாம் ஏற்கெனவே கட்டி வைத்தாயிற்று. ஆறரை மணி ரயிலில் பெல்கிரேடை விட்டே போய்விட்டார். அந்தப் பதிலை 28ஆம் தேதி காலை படித்த கெய்சர், இனி போருக்குக் காரணமே இல்லை என்று ஓரத்தில் எழுதி வைத்தார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தி மூலம் போர் அறிவித்தது. (உல்லாசப் பயணம் போகாமல் மூன்று வாரம் வீட்டில் இருந்திருக்கலாம், மகாராஜா.)

செர்பியாவுக்குத் துணை நின்ற ரஷ்யா 30ஆம் தேதி முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. அந்தப் பங்கையும் நான் மறைக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது. அன்று மாலை, பிரிட்டன் ஒதுங்கி நிற்கலாம் என்று ஒரு நப்பாசை வந்து, படையை ரஷ்யப் பக்கம் மட்டும் திருப்பச் சொன்னார் கெய்சர். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. ஒரு வருஷ உழைப்பில் போட்ட திட்டமாம், ரயில்களின் நேரம் உள்பட எல்லாம் பிரான்சுக்கு என்றே குறித்தாயிற்றாம்! ரஷ்யாவோடு சண்டை என்றாலும் பெல்ஜியம் வழியாக, ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்சுக்குள் நுழையவேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்த ஒரே திட்டம். பெல்ஜியத்தில் கால் வைத்ததும், அதன் நடுநிலையைக் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்த பிரிட்டன் வந்துவிட்டது.

ஒப்பந்தங்கள் கட்டி இழுத்துவிட்டன என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு 1882லிருந்தே ஒப்பந்தத்தில் இருந்த இத்தாலி, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 1914ல் ஒதுங்கி நின்றது. அடுத்த வருஷம் எதிரணியில் சேர்ந்தே சண்டை போட்டது. மனசிருந்தால் விலகலாம் என்பதற்கு இத்தாலி ஒன்று போதாதா?

பல வருஷம் கழித்து, போரின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த லாயிட் ஜார்ஜ், எல்லா நாடும் கால் வழுக்கிக் கொதிக்கும் கொப்பரைக்குள் விழுந்துவிட்டன என்ற பொருளில் எழுதினார். உங்கள் வாட்ஸ்அப் செய்திக்கு அவர் அண்ணன்.

நம் ஊருக்கும் போர் வந்தது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு போட்டது. துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. இந்தியாவைப் போருக்குள் இழுத்தது பிரிட்டிஷ் ஆட்சி. இந்தியர் ஒருவரையும் கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஆட்கள் கடல் தாண்டி அனுப்பப்பட்டார்கள். அதற்கும் சரயேவோ டிரைவரையே பிடிப்போமா?