காலில் கடித்த கொசு மூளையை எப்படித் தொடுகிறது?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் கிராமம். அடுத்த தெருவில் ஏழு வயதுப் பையனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் வலிப்பு வந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல், கொசுவால் வந்தது என்றார்களாம். பிழைத்து வந்துவிட்டான், ஆனால் கை நடுங்குகிறது, முகத்தில் பழைய துருதுருப்பு இல்லை. காலில் கடிக்கும் கொசுவால் மூளைக்கு எப்படிக் கேடு வரும்? கார்த்திகைக்குச் சென்னையிலிருந்து பேரன் வருகிறான். வரச் சொல்லலாமா? அந்தப் பையனோடு விளையாட விடலாமா?
- ஓர் ஆச்சி, சிவகங்கை மாவட்டம்

பதில்: பேரன் தாராளமாக வரட்டும் ஆச்சி. இந்த வைரஸ் உடம்புக்குள் போனவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. மற்றவர்களுக்கு லேசான காய்ச்சல், பலருக்கு அதுவும் இருக்காது. ஆனால் கடுமையானால் அது மிகக் கொடியது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கிறார்கள். அதனால் நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை.

கொசுவின் எச்சிலோடு வைரஸ் தோலுக்குள் இறங்குகிறது. அங்கே இருக்கும் காவல் அணுக்களிலேயே பெருகி, நெறி கட்டுகிற இடங்கள் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. பெரும்பாலும் உடம்பு அதை அங்கேயே முடித்துவிடும். உங்கள் வீட்டில் வெளியாள் முகப்போடு நின்றுவிடுவார், வளவுக்குள் வேண்டியவர்கள்தானே வர முடியும்? மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அப்படித்தான். சுவர் அணுக்கள் இறுக்கமாகப் பின்னியிருப்பதால் மூளைக்குத் தேவையானது மட்டுமே உள்ளே போகும். சிலருக்கு அதையும் தாண்டி இந்த வைரஸ் போய்விடுகிறது.

போனதும் நரம்பணுக்களைப் பிடிக்கிறது. அதோடு போனால்கூடப் பரவாயில்லை. மூளைக்கென்று இருக்கும் காவல் அணுக்கள், மைக்ரோக்ளியா என்பார்கள், விழித்துக்கொண்டு சைட்டோகைன் என்ற ரசாயனங்களைக் கொட்டுகின்றன. வைரஸை அழிக்கத்தான் அவை. ஆனால் அளவு மீறும்போது நோய் தொடாத நரம்பணுக்களும் சேர்ந்து சாகின்றன. குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசிகிறது, மூளை வீங்குகிறது. கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும், மண்டை ஓடு கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற ரத்த ஓட்டம் குறைந்து மயக்கம், வலிப்பு என்று போகிறது. தாலமஸ் போன்ற, மூளையின் ஆழத்தில் அசைவைச் சீர்படுத்துகிற பகுதிகளை இந்த வைரஸ் அதிகம் தாக்கும். அந்தப் பையனின் கை நடுக்கமும் முகத்தின் இறுக்கமும் பெரும்பாலும் அதனால்தான்.

வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வலிப்பை நிறுத்துவது, வீக்கத்தைக் குறைப்பது, மூச்சைக் காப்பது, இதுதான் சிகிச்சை. அதனால்தான் நேரம் முக்கியம். காய்ச்சலோடு பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினால், எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், விடாமல் வாந்தி எடுத்தால், கழுத்தை மடக்க முடியாமல் போனால், வலிப்பு வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மந்திரித்துத் திருநீறு பூசுவதைத் திரும்பி வந்து செய்துகொள்ளலாம். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் தண்ணீரோ வேறு எதுவுமோ வேண்டாம், கையில் இரும்புச் சாவியும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்பார்கள். அங்கேதான் பல குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன, கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போகிறது ஆச்சி. பாக்டீரியாவாலும் காசநோயாலும் வரும் மூளைக் காய்ச்சல் பார்க்க இதே மாதிரி இருக்கும், அவற்றுக்கு மருந்து உண்டு. அந்த நீரைப் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

இந்தக் கொசு அண்டாவிலும் தொட்டியிலும் வளர்ந்து பகலில் கடிக்கும் டெங்கு கொசு இல்லை. நெல் வயலில் தேங்கும் நீரில் பெருகி, விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து இரவு முழுக்கக் கடிப்பது. 1955-லேயே நம் வேலூரில் இந்த நோயைக் கண்டார்கள், புதிதாக வந்ததல்ல. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் வைரஸ் இருக்கும், பன்றிகளின் உடலில் வேகமாகப் பெருகும். அதற்காகக் கொக்குகளை விரட்ட வேண்டாம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது? பன்றிகள் வீடுகளை ஒட்டித் திரிந்தால் பஞ்சாயத்தில் சொல்லித் தள்ளி வைக்கச் செய்யுங்கள். அந்தி நேரத்தில் பேரன் முற்றத்தில் விளையாடினால் முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும் போடுங்கள், இரவில் கொசுவலை கட்டுங்கள்.

தடுப்பூசி இருக்கிறது. 2006-லிருந்து நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் அரசு போடுகிறது. இப்போது அங்கே ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று. எல்லா மாவட்டத்திலும் இல்லை. பேரனின் தடுப்பூசி அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், போடாமல் இருந்தால் புறப்படும் முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்கட்டும்.

அந்தப் பையனோடு தயங்காமல் விளையாட விடுங்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது தொற்றாது. அவன் ரத்தத்தைக் குடித்த கொசு பேரனைக் கடித்தாலும் அவனிடமிருந்து நோய் வராது, ஏனென்றால் மனித ரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றும் அளவு வைரஸ் சேர்வதில்லை. தெருவில் யாராவது பிள்ளைகளை அவனிடம் போகாதே என்று தடுத்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அவன் வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்: இயன்முறை சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் விடாமல் கூட்டிப் போகிறார்களா? இல்லையென்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மதுரையில் கொடுத்த சீட்டையும் ஸ்கேனையும் காட்டி விசாரிக்கச் சொல்லுங்கள்.