70 மி.மீ. தொலைநோக்கியில் சூரியப் புள்ளிகளைப் பின்தொடர்வது எப்படி?

கேள்வி: என்னிடம் 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள லென்ஸ் தொலைநோக்கி ஒன்றும், 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருக்கின்றன. சூரியப் புள்ளிகள் நாளுக்கு நாள் மாறுவதைப் படமாகப் பதிவு செய்ய ஆசை. தொலைநோக்கியோடு ‘சன்’ என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்தது. அதைப் பயன்படுத்தலாமா? ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர் இல்லாமல் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? – திருச்சி வாசகர்

பதில்: முதல் வேலையாக அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள். பெட்டியில் கிடந்தால் என்றைக்காவது வீட்டுப் பிள்ளைகள் எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள். அது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸின் அடியில் திருகி மாட்டுவது. முன்லென்ஸ் திரட்டும் வெயில் மொத்தமும் அந்த இடத்தில்தான் வந்து குவியும். சூடேறிக் கண்ணாடி விரிசல் விட்டால், இமை மூடுவதற்குள் விழித்திரை வெந்துவிடும். விழித்திரையில் வலி தெரியாது. பார்வை போன விஷயமே சில மணி நேரம் கழித்துத்தான் புரியும்.

சூரிய ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் தொலைநோக்கியின் வாய், அதாவது முன்லென்ஸுக்கும் முன்னால். பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் போன்ற ஃபிலிம் தாளை வாங்கி, கெட்டி அட்டையில் வளையம் செய்து ஒட்டிக்கொள்ளலாம். வாங்கும்போது ஒளியடர்த்தி எண்ணைப் பாருங்கள். 5 என்றிருந்தால் லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். கண்ணுக்கும் கேமராவுக்கும் அதுதான் வேண்டும். 3.8 என்றும் ஒரு வகை விற்கிறார்கள். அது படமெடுக்க மட்டுமே, அதைப் போட்டுக் கண்ணால் பார்க்கவே கூடாது. புதியவர்களுக்கு 5 மட்டும் போதும் என்பது என் கருத்து. இரண்டு தாளும் வீட்டில் இருந்தால் மாறிப்போக வாய்ப்பு உண்டு.

ஃபிலிமை விறைப்பாக இழுத்து ஒட்டாதீர்கள். கொஞ்சம் சுருக்கம் இருந்தால் படம் கெடாது, இழுத்தால்தான் கெடும். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் பிரகாசமான பல்புக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் தாளை மாற்றிவிடுங்கள். வளையத்தைக் குழாயோடு சேர்த்து நாலு பக்கமும் டேப் போடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் அட்டை வளையம் எம்மாத்திரம்! குழாயின் மேல் இருக்கும் சின்னக் குறிபார்க்கும் கருவியான ஃபைண்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். சூரியனைக் குறிபார்க்க அது தேவையே இல்லை. தரையில் விழும் குழாயின் நிழல் எப்போது ஆகச் சிறிதாகிறதோ, அப்போது தொலைநோக்கி சூரியனை நோக்கியிருக்கும்.

சரி, இனி படம். ஐபீஸை எடுத்துவிட்டு, டி-ரிங் என்ற இணைப்பு வளையம் வழியாகக் கேமராவை நேராக மாட்டுங்கள். 700 மி.மீ. குவியத் தூரத்தில் சென்சார்மேல் விழும் சூரியனின் விட்டம் சுமார் 6.4 மி.மீ. உங்கள் கேமராவின் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற வழக்கமான அளவில் இருந்தால், அது ஏறக்குறைய 1,600 பிக்சல் அகலம் வரும். சூரியனின் விட்டத்தில் 109 பூமிகள் அடுக்கலாம் என்பதால், உங்கள் படத்தில் ஒரு பூமியின் அகலம் 15 பிக்சல். 2024 மே மாதம் பெரும் காந்தப் புயலைக் கிளப்பிய 3664-ஆம் எண் புள்ளிக்கூட்டம் 15 பூமிகளுக்கும் மேல் நீண்டிருந்தது. கிரகணக் கண்ணாடி போட்ட வெறும் கண்ணுக்கே அது தெரிந்தது. உங்கள் கருவியில் 200 பிக்சலுக்கு மேல் வந்திருக்கும். அந்த அளவில் புள்ளியின் கரிய நடுப்பகுதியான கருநிழலையும் அதைச் சுற்றிய சாம்பல் நிறப் புறநிழலையும் தனித்தனியாகப் பார்க்கலாம்; விளிம்பருகே வெளிர் நரம்புகளாக ஓடும் ஒளித்திட்டுகளும் தெரியும்.

ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250 என்று தொடங்கி, படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டாதபடி சரிசெய்துகொள்ளுங்கள். ரா ஃபைலாகவே, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாகவே எடுங்கள். லைவ் வியூவைப் பெரிதாக்கி, விளிம்பில் அல்லாமல் ஒரு புள்ளியின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். வெயிலில் திரை தெரியாது; தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டால் வேலை சுலபம். இரண்டு கண்ணாடிகள் மட்டுமே கொண்ட சாதாரண முன்லென்ஸில் நிறங்கள் ஒரே இடத்தில் குவியாது. அதனால் ரா ஃபைலிலிருந்து பச்சைச் சேனலை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கூர்மை கூடுவது கண்கூடாகத் தெரியும்.

நேரம் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை. அதற்குமுன் சூரியன் தாழ்வாக இருக்கும், காற்று படத்தைக் குலைக்கும். அதற்குப் பிறகு மொட்டை மாடித் தளம் சூடேறி, சூரியனின் விளிம்பு கொதிப்பதுபோல் நெளியத் தொடங்கும். புல்தரையோ குளக்கரையோ கிடைத்தால் மாடியை விட மேல். எப்படியானாலும் ஒரே தடவையில் ஐம்பது படமாவது எடுங்கள். காற்று அசையாத நொடி ஒன்றிரண்டில் சிக்கும். நல்லவற்றை ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அடுக்கி ஒன்றாக்கலாம். ஒன்று மட்டும்: கறுப்பாகத் தெரிவதெல்லாம் சூரியப் புள்ளி அல்ல. சூரியனைச் சட்டகத்தில் சற்று நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். சூரியனோடு நகராமல் அதே இடத்தில் நின்றால் அது சென்சார் தூசி.

நீங்கள் கேட்டது மாற்றத்தைப் பதிவு செய்வது. அழகான ஒரு படம் மாற்றத்தைக் காட்டாது. ஒரே மாதிரி எடுத்த சாதாரணப் படங்களின் வரிசைதான் காட்டும். அதே கருவி, அதே ஃபில்டர், ஏறக்குறைய அதே நேரம், எல்லாவற்றையும் விட முக்கியமாக அதே திசை. பலரும் கோட்டை விடுவது திசையில்தான். சூரியன் இரண்டு நிமிடத்தில் தன் விட்டத்தின் அளவு வானில் நகர்கிறது. தொலைநோக்கியை அசைக்காமல் அரை நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். ஒரு புள்ளி நகர்ந்த கோடுதான் கிழக்கு–மேற்கு. நகர்ந்த பக்கம் மேற்கு. அப்புறம் சூரியனின் அச்சுச் சாய்வையும் கணக்கில் எடுக்க வேண்டும். வானத்து வடக்கிலிருந்து சூரியனின் வடக்கு ஆண்டு முழுக்க இருபுறமும் 26 டிகிரி வரை விலகும். ஜனவரி, ஜூலை முதல் வாரங்களை ஒட்டி விலகல் இருக்காது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் உச்சம். பி கோணம் எனப்படும் இந்த விலகலின் அன்றன்றைய அளவை அட்டவணையில் பார்த்து அந்த அளவு படத்தைச் சுழற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் புள்ளிகள் கோணல் மாணலாகத் திரிவதாகத் தோன்றும். செய்தால், கிழக்கு விளிம்பில் முளைக்கும் புள்ளி சுமார் 13 நாளில் மேற்கு விளிம்பை அடைவது துல்லியமாக விழும்.

கூடவே அன்றைய புள்ளி எண்ணையும் குறியுங்கள். ருடால்ஃப் வுல்ஃப் 19-ஆம் நூற்றாண்டில் தந்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: குழுக்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கித் தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஏழு புள்ளி கொண்ட ஒரு குழு, ஒற்றைப் புள்ளி ஒன்று என்றால், இரண்டு குழு, எட்டுப் புள்ளி, ஆகவே 28. சூரியனைப் படமெடுக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலத்தின் படத்தை எண்ணி முடித்த பிறகே பாருங்கள். முன்கூட்டிப் பார்த்தால், உங்கள் கருவிக்குத் தெரியாத புள்ளியையும் கண் ‘பார்த்துவிடும்’.

இப்படிப்பட்ட பொறுமையான பதிவுகளிலிருந்துதான், புள்ளிகள் பெருகிக் குறையும் சூரியச் சுழற்சியே தெரியவந்தது. ஜெர்மனியின் டெசாவ் நகரில் மருந்துக்கடை நடத்திய ஷ்வாபே, 1826 முதல் சிறு தொலைநோக்கியில் புள்ளிகளைக் குறித்துவந்து, 1843-ல் அவை சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை அறிவித்தார். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904-லிருந்து படமெடுத்து வருகிறது. புறநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டதும் அங்கேதான். ஆய்வகத்தின் பழைய கண்ணாடித் தகட்டுப் படங்கள் டிஜிட்டலாகக் கிடைக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால், பதிவு என்றால் என்னவென்று விளங்கும்.

2019 டிசம்பரில் தொடங்கிய 25-ஆம் சுழற்சி 2024-ன் பிற்பகுதியில் உச்சம் தொட்டது. தாமதமாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். 2003 அக்டோபர்–நவம்பரில் வெடித்த மாபெரும் சூரியச் சுடர்கள் சுழற்சியின் இறங்குமுகத்தில் வந்தவைதான். இறங்குமுகத்தில் புள்ளிகள் மெல்ல நடுக்கோட்டை நெருங்கும். அடுத்த சுழற்சியின் புள்ளிகள் 30 டிகிரி அட்சத்தை ஒட்டி முளைக்கும். பழையதும் புதியதும் ஒரே படத்தில் விழும் காலமும் வரும். திசை சரியாக இருந்தால் இரண்டையும் நீங்களே பிரித்தறியலாம்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா வேறு உலகம். 656.3 நானோமீட்டரில் விளிம்புத் தழல்களும் சுடர்களும் தெரியும். ஆனால் உங்கள் தொலைநோக்கியின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். குறைந்தது ஒரு வருடமாவது வெள்ளொளியில் பதிவு செய்துவிட்டு முடிவெடுங்கள். தேடும்போது ஒன்றில் எச்சரிக்கை தேவை. நெபுலாக்களைப் படமெடுக்க, அதே பெயரில் மலிவான ஃபில்டர்கள் விற்கிறார்கள். அவை ஐபீஸ் பக்கம் மாட்டுபவை, பல நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை விடுபவை. அதைப் போட்டுச் சூரியனைப் பார்ப்பது, நீங்கள் தூக்கி எறிந்த அந்தக் கறுப்புக் கண்ணாடியை விட ஆபத்து.