சிக்னல் இல்லாத வகுப்பறைக்கு எந்தச் செயலி?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஆசிரியர் பற்றாக்குறையால் புவியியலும் என் தலையில்தான். பழைய மாணவர்கள் ஒரு ஸ்மார்ட் டிவியும் மடிக்கணினியும் வாங்கித் தந்திருக்கிறார்கள். செயலமர்வு ஒன்றில் கஹூட், பேட்லெட், கூகுள் கிளாஸ்ரூம், கேன்வா என்று செயலிகளின் நீண்ட பட்டியல் கொடுத்தார்கள். பாடசாலையிலோ மைதானத்து மூலையில் மட்டும்தான் சிக்னல். பல வீடுகளில் ஒரே ஒரு போன். "இதெல்லாம் வெறும் படம் காட்டுகிற வேலை" என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். எங்கிருந்து தொடங்குவது? டேட்டாவுக்கு என் கைக்காசைப் போடுவது சரியா?

பதில்: டீச்சர், அந்தப் பட்டியலை மடித்து இழுப்பறைக்குள் வையுங்கள். அதில் உள்ளவை நல்ல கருவிகள்தான். ஆனால் பிள்ளைக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு இணைப்பு என்று வசதியுள்ள வகுப்பறைக்காகச் செய்யப்பட்டவை. கஹூட் வினாடி வினாவைக் குழுவாக விளையாடலாம் என்றாலும் குழுவுக்கு ஒரு போனாவது இணையத்தில் இருந்தாக வேண்டும். கூகுள் கிளாஸ்ரூமுக்குப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேண்டும். பாடவேளையில் பாதி, "டீச்சர், எனக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்பதிலேயே போய்விடும். உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வது அப்போது உண்மையாகிவிடும்.

உங்களைப் பொறுத்தவரை இணையம் என்பது டவுனில் கிடைக்கும் சாமான். வேண்டியதை ஹட்டனிலோ வீட்டிலோ இறக்கி, பையில் போட்டு மலை ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஆகவே யார் எந்தச் செயலியைப் புகழ்ந்தாலும் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு அதைத் திறவுங்கள். திறந்து, பாடம் முடியும்வரை ஓடினால் உங்களுக்கு உதவும். இல்லாவிட்டால், எத்தனை பரிசு வாங்கிய செயலியாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

இந்தச் சோதனையில் தேறுபவற்றில் முதலாவதாக, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்க உதவும் ஃபெட் உருவகப்படுத்தல்களைச் சொல்வேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் இது. இலவசம். மின்சுற்று, ஒளி முறிவு, அமிலம் - காரம் என ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். தமிழாக்கப்பட்டவையும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. மின்சுற்றுப் பாடத்தில் நிஜமான பற்றரி, நிஜமான மின்குமிழ், கம்பி ஆகியவற்றைப் பிள்ளைகள் தொட்டு முடித்த பிறகே டிவியைப் போடுங்கள். கம்பிக்குள் இலத்திரன்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது; திரைக்கு வேலை அங்கேதான். (குறுஞ்சுற்றுக் கொடுத்தால் திரையில் பற்றரி தீப்பிடிக்கும். ஒருமுறை காட்டிவிட்டால் வகுப்பு வேறு எதையும் கேட்காது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.) கையால் தொடக்கூடியதைத் திரையில் காட்டுவது வீண் வேலை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை நிற்கும்போது இலையின் அமைப்பை விளக்க யூடியூப் எதற்கு?

அடுத்தது ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இலவசச் செயலி. போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் மைக், அசைவு உணரி போன்றவற்றை ஆய்வுகூட உபகரணங்களாக மாற்றுகிறது. ஆய்வுகூடம் என்ற பெயரில் பூட்டிய அலுமாரி மட்டுமே உள்ள பாடசாலைகளுக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை என்பது என் கருத்து. ஒலியின் வேகத்தை அளக்கும் பரிசோதனையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் போனிலும் இன்னொரு ஆசிரியரின் போனிலும் செயலியை நிறுவுங்கள். வகுப்பின் நீளத்தில் 5 மீற்றர் அளந்து, இரண்டு முனைகளிலும் போன்களை வையுங்கள். ஒவ்வொரு போனுக்கு அருகிலும் ஒரு பிள்ளை நிற்கட்டும். இரண்டிலும் ஒலி நிறுத்தற்கடிகாரத்தைத் திறந்து தொடங்கச் சொல்லுங்கள். இது முதல் கைதட்டலில் ஓடத் தொடங்கும், அடுத்த கைதட்டலில் நிற்கும். முதல் பிள்ளை தட்டுகிறாள்; அவளுடைய போன் உடனே ஓடுகிறது, எதிர்முனைப் போனோ ஒலி 5 மீற்றர் கடந்து வந்த பிறகே ஓடுகிறது. ஓரிரு விநாடி கழித்து எதிர்முனைப் பிள்ளை தட்டுகிறான். இப்போது அவன் பக்கத்துப் போன் முதலில் நிற்கிறது, அவள் பக்கத்துப் போன் சற்றுப் பிந்தி நிற்கிறது. இரண்டு போன்களும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஒலி 10 மீற்றர் போக எடுத்த நேரம். அது ஏறக்குறைய 0.029 விநாடி வரும். 10ஐ அதனால் வகுத்தால் விநாடிக்கு 345 மீற்றர்.

ஒவ்வொரு முறையும் அதே விடை வராது. 0.028 வந்தால் 357, 0.030 வந்தால் 333. அதை மறைக்காமல் எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுதிச் சராசரி எடுக்க வையுங்கள். பரிசோதனை வழு என்றால் என்ன என்பதைப் பாடநூல் சொல்வதைவிட அந்தக் கரும்பலகை நன்றாகச் சொல்லும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீற்றர் கூடும். நுவரெலியாவின் 15 பாகைக் காலையில் 340 என்றால் கொழும்பின் 30 பாகை வெயிலில் 349. 5 மீற்றர் தூரத்தில் இந்த நுணுக்கம் பிடிபடாது என்றாலும் கேள்வியாகப் போட்டுப் பாருங்கள், கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பிடித்துக்கொள்ளும். தகரக் கூரையில் மழை கொட்டும் நாளில் மட்டும் முயல வேண்டாம். முதல் துளியிலேயே கடிகாரம் ஓடிவிடும்.

புவியியலுக்குக் கூகுள் எர்த் போதும். அதற்கு இணையம் வேண்டுமே என்பீர்கள். வேண்டும், ஆனால் வகுப்பில் அல்ல. நல்ல இணைப்புள்ள இடத்தில் உட்கார்ந்து, போனிலோ மடிக்கணினியிலோ திரைப்பதிவைப் போட்டுவிட்டு, பயணத்தை நீங்களே ஓட்டுங்கள். உங்கள் தோட்டத்தில் பெய்யும் மழையிலிருந்து தொடங்கலாம். அது கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் இறங்குகிறது. நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபான மின்நிலையங்கள் வழியே மின்சாரமாக உழைத்துவிட்டு, மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீராக எடுக்கப்பட்டு, மிச்சம் கடலுக்குப் போகிறது. பிறகு ஹட்டனுக்குத் திரும்பி, சிங்கமலைச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் கொட்டகலைக்குத் தாவுங்கள். அங்கே விழும் மழை கொத்மலை ஓயாவுக்கும் அங்கிருந்து மகாவலிக்கும் போய், திருகோணமலைப் பக்கம் கடலில் சேர்கிறது. ரயிலில் அந்தச் சுரங்கத்தைக் கடந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். தலைக்கு மேல் ஒரு நீரேந்துப் பிரிப்பு, அதாவது மழைநீர் இரண்டு ஆறுகளுக்குப் பிரியும் மேடு, இருந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பதிவு நான்கைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதில் குரலையோ பின்னணி இசையையோ சேர்க்காதீர்கள். வகுப்பில் நீங்கள் பேச வேண்டும்; இடையிடையே நிறுத்தி, "இனி ஆறு எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்க வேண்டும். படம் போடுவதற்கு முன்பே பிள்ளைகள் தங்கள் ஊகத்தைக் கொப்பியில் வரைந்திருந்தால் இன்னும் நல்லது.

கோப்பு டிவியில் ஓடாமல் மானம் போவது எல்லா ஆசிரியருக்கும் நடப்பதுதான். பெரும்பாலும் காரணம் கோப்பின் வகை. எம்பி4 ஆக, எச்.264 என்ற சுருக்க முறையில் சேமித்தால் அநேகமாக எந்த டிவியும் ஏற்றுக்கொள்ளும். பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. இந்த வம்பே வேண்டாமென்றால் மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துவிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கியதும் டிவியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஆயத்தக் காணொளிகளைத் தேடும்போது கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தையும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தையும் முதலில் பாருங்கள். யூடியூபில் தமிழில் கொட்டிக் கிடப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானது. விளக்கம் அருமையாக இருக்கும். ஆனால் நம் பாடநூல் ஒளித்தொகுப்பு என்பதை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள், ஒட்சிசன் ஆக்சிஜனாகும், கலம் செல்லாகும். பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டுவதற்கு முன் கரும்பலகையில் இரண்டு நிரல் போட்டு, அவர்கள் சொல், நம் சொல் என்று எழுதிவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள் நம் பாடநூலின் சொல்லில்தான் வரும்.

பாமினி எழுத்துருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பாடசாலைகளின் வினாத்தாள்களில் பாதி இன்னும் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. கணினியில் அழகாகத் தெரியும் தாளைப் பெற்றோரின் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். தேடினால் கிடைக்காது, போன் உரக்க வாசிக்காது. பழையவற்றை இணையத்திலுள்ள மாற்றிகளில் போட்டு, எல்லாக் கருவிகளும் வாசிக்கும் யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். புதியவற்றை யூனிகோடிலேயே தட்டுங்கள். தட்டச்சு சிரமமென்றால் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இலங்கைத் தமிழையும் கேட்டு எழுதும். பெற்றோருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்து குலையாது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு வாட்ஸ்அப்பே போதும், புதிய தளம் எதுவும் தேவையில்லை. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளை நாம் மறக்கக் கூடாது. கொழுந்தை எடை போட்டுவிட்டு அம்மா வீடு திரும்பும் வரை போன் வீட்டில் இருக்காது. வந்த பிறகும் அண்ணனுக்கு ஒரு மணி நேரம், தங்கைக்கு ஒரு மணி நேரம். ஆகவே நேரலை வகுப்பு வேண்டாம். இரண்டு மூன்று நிமிடக் குரல் பதிவும் ஒரு படமும் போதும். விடைக்கு ஒரு வாரம் கொடுங்கள். போனில் வந்ததற்கு ஒருபோதும் புள்ளி போடாதீர்கள். போன் இல்லாத பிள்ளைக்கு அதே வேலை தாளில் போகட்டும். பெரிய கோப்புகளைப் பெற்றோர் கூட்டத்தன்று குவிக் ஷேர் மூலம் போனுக்குப் போன் மாற்றிக்கொடுத்தால் யாருக்கும் டேட்டா செலவில்லை.

குழுவில் நிருவாகி மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். குழுவில் சேர்ந்தவர்களின் எண்கள் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் சொந்த எண்களைச் சேர்க்க வேண்டாம், பெற்றோரின் எண்ணே போதும். புள்ளிப் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகளின் படங்களை முகநூலில் ஏற்றுவதற்கு முன் பெற்றோரிடம் கேளுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பதை அதிபரும் தெரிந்திருப்பது நல்லது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த செயலமர்வில் அதுதான் வரப்போகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் "தரம் 9க்கு வினாத்தாள் தா" என்று கேட்டால் நம் பாடத்திட்டத்தில் இல்லாததும் கலந்து வரும், கலைச்சொல்லும் பெரும்பாலும் அக்கரைச் சொல்லாக இருக்கும். பாடநூலின் பக்கத்தைக் கூகுள் லென்சால் படமெடுத்து எழுத்தாக்கி, அதைக் கொடுத்து, "இதற்குள்ளிருந்து மட்டும் பத்துக் கேள்வி" என்று கேளுங்கள். பத்தில் நாலைந்து தேறும். விடைகளை நீங்களே செய்து பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் பெயரையோ குடும்ப விவரத்தையோ அதில் தட்டவே வேண்டாம்.

கைக்காசு விஷயம். முதல் தவணைக்குப் போட்டாலும் போடுங்கள், ஆனால் பழக்கமாக்காதீர்கள். நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும். இறக்கிய கோப்புகளை உங்கள் போனில் வைக்காமல் பாடசாலை மடிக்கணினியில் தரம், பாடம், அலகு என்று கோப்புறை போட்டு வையுங்கள். ஒரு பிரதி பென் டிரைவில் அதிபரிடம் இருக்கட்டும். தவணைக்கு எவ்வளவு டேட்டா போனது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அந்தக் கொப்பியை மேசையில் வைத்து, மாதத்துக்கு ஒரு ரீலோட் தொகையைக் கேளுங்கள். டிவி வாங்கித் தந்த பழைய மாணவர்களும் அந்தக் கூட்டத்துக்கு வந்தால் வசதி. ஒலியின் வேகத்தை அளந்த அந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய் அவர்கள் முன்னால் கைதட்டச் சொல்லுங்கள்.