வலி இல்லாத நாளின் சாட்சி

ஐயா, வணக்கம். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் க்யூ.சி. (தரப் பரிசோதனை) பிரிவில் வேலை செய்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே கடுமையான தலைவலி. வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, வாந்தி, எழுந்திருக்க முடியாது. ஸ்கேன் எடுத்தேன், நார்மல். போன மாதம் தொடர்ந்து ஒன்பது நாள் வேலைக்குப் போக முடியவில்லை. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டாக்டர் ‘தலைவலி’ என்று எழுதி சர்டிபிகேட் கொடுத்தார். ஆனால் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கும் மெடிக்கல் ரெஃபரியிடம் போகச் சொன்னார்கள். போன அன்று எனக்குத் தலைவலி இல்லை. அவர் பார்த்துவிட்டு, வேலைக்குத் தகுதி என்று எழுதிவிட்டார். அந்த ஒன்பது நாளுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் கிடையாது என்கிறார்கள். கம்பெனியில் ஆப்சென்ட் போட்டு மெமோவும் கொடுத்துவிட்டார்கள். புற்றுநோயோடு வேலைக்கு வருபவர்கள் இருக்கும்போது தலைவலிக்காகச் சண்டை போட வெட்கமாக இருக்கிறது. எதிர்த்து எழுதலாமா, வேலையை விட்டுவிடலாமா? புத்தகம் படிப்பதால்தான் வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அக்குபஞ்சர் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இப்போது தினமும் வலி மாத்திரை போட்டுத்தான் ஓட்டுகிறேன்.
– ம.

அன்புள்ள ம.,

இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாக நாலு வரி எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கம். உங்களுடையதைப் பொதுவில் வைக்கக் காரணம், “போன அன்று எனக்குத் தலைவலி இல்லை” என்ற வரி. கோவையில் என் அத்தை வேலை பார்த்த பஞ்சாலையை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போய்வந்ததிலிருந்து அத்தை நினைப்பாகவே இருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். புத்தகம் படியுங்கள். வலிக்கும்போது மூடி வையுங்கள், அவ்வளவுதான். அக்குபஞ்சர் பற்றி எனக்குக் கருத்து இல்லை. வேலையை விட்டால் சம்பளம் போகும், காப்பீடும் போகும், தலைவலி மட்டும் கூடவே வரும்.

அப்புறம் அந்தப் புற்றுநோய் வரி. அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. உங்களை யார் தராசு பிடிக்கச் சொன்னார்கள்? சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் செய்தபோது, ‘பெரிய நோய் வந்தால் மட்டும்’ என்று சொல்லியா பிடித்தார்கள்? நீங்கள் கேட்பது உங்கள் பணம். இப்படி வெட்கப்பட்டுக்கொண்டே விண்ணப்பம் எழுதினால், படிக்கிற குமாஸ்தாவுக்கும் நீங்கள் ஏதோ கூடுதலாகக் கேட்பதுபோலத்தான் தோன்றும்.

அத்தை நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்தார். எழுபதுகள். மண்டையிடி வந்துவிட்டால் நெற்றியில் சுக்குப் பற்று, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துண்டு, நெல் மூட்டை அடுக்கிய உள்ளறை. நாங்கள் குழந்தைகள் அந்தப் பக்கம் மூச்சுகூட விடக்கூடாது. மில் சங்கு ஊதினால் உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்கும். இரண்டு நாள் கழித்துத் தானாக எழுந்து, குளித்து, இரண்டு நாள் வேலையையும் சேர்த்துச் செய்வார். அப்படி ஒருநாள் ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். “ஏனம்மணி, நல்லாத்தான இருக்கறே?” என்றார். அத்தைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நன்றாகத்தானே இருந்தார்! கூலி போனது. அதற்குப் பிறகு வலி விட்ட நாளிலும் அத்தை துண்டை அவிழ்க்க மாட்டார். வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். நடிக்கிறாள் என்று சந்தேகப்பட்டு வந்தவர்கள்தான் அவருக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ரெஃபரி முன்னால் கொஞ்சம் முகத்தைச் சுளித்திருக்கலாமோ என்று இப்போது உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றாமல் இருக்காது. அதைச் செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியைப்போல இருக்கின்றன. அதற்குச் சர்வதேசத் தலைவலிச் சங்கம் வைத்திருக்கும் வரையறையைப் பாருங்கள்: குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும், சிகிச்சை இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும், இயல்பான நடமாட்டமே வலியைக் கூட்டும் என்பதும் அடையாளங்களில் ஒன்று. ஸ்கேனைப் பற்றி அதில் எதிர்பார்ப்பே இல்லை. வேறு நோய் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன். ஆக, வந்து வந்து விட்டுப் போவதுதான் இந்த நோய். விட்டிருந்த நாளில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘நோய் இல்லை’ என்று எழுதுவது மருத்துவ முடிவாகாது. காலண்டரில் அந்தத் தேதி அப்படி விழுந்தது, அவ்வளவுதான். அன்று தகுதி என்று எழுதட்டும், அது அன்றைக்குச் சரி. முந்தைய ஒன்பது நாளைப் பற்றி அந்த ஒரு பார்வை என்ன சொல்லிவிட முடியும்?

இந்த விதிகளெல்லாம் வந்து தங்குகிற நோய்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எலும்பு முறிவு, டைஃபாய்டு, காசநோய். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. பணம் கிடைத்த முந்தைய விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த இரண்டு நாளுக்கும் உண்டு. இரண்டு நாளில் விட்டுவிடும் மைக்ரேன்காரிக்கு இதில் ஒரு பைசா வராது! நீண்டகால நோய்களுக்கென்று கூடுதல் சலுகைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலும் மைக்ரேன் இல்லை. 50 வயதுக்குட்பட்டவர்களின், அதிலும் பெண்களின், ஆயுளில் இவ்வளவு நாளைத் தின்னும் நோய்கள் உலகத்திலேயே சிலதான். அதற்கு இந்தக் கதி. யார் கண்ணுக்கும் தெரியாத வலி என்பதால்தான்.

நீங்கள் கேட்டதை விட்டு எங்கோ போய்விட்டேன். சரி, எதிர்த்து எழுதுங்கள்.

முதலில் டாக்டரிடம் போங்கள். ‘தலைவலி’ என்று எழுதிய சான்றிதழ் பாதித் தோல்வி. ஐ.சி.டி.-10 நோய்ப் பட்டியலில் வெறும் தலைவலிக்குக் குறியீடு ஆர்51, அறிகுறிகளோடு கிடக்கிறது. மைக்ரேன் ஜி43, நரம்பு மண்டல நோய்களின் வரிசையில். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நோயின் பெயர் எழுத்தில் வர வேண்டும். 72 மணி நேரத்தைத் தாண்டி விடாமல் நீடித்தால் அதற்கு ஸ்டேட்டஸ் மைக்ரேனோசஸ் என்று தனிப்பெயரே உண்டு. உங்கள் ஒன்பது நாள் ஒரே வலியா, விட்டு விட்டு வந்ததா என்று அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

பணம் கிடையாது என்று யாரோ வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்கிறீர்கள். காரணத்தோடு எழுத்தில் வாங்கினீர்களா? கிளை அலுவலகத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ரெஃபரியின் குறிப்போடு உங்கள் கோப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தொடர்புடைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் உங்கள் பெயரில் காப்பீட்டுப் பணம் கட்டிய நாட்களாக 78 நாள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி சரியாகக் கட்டாமல் விட்டிருந்தால் கதையே வேறு. மாதாமாதம் சுவிதா சமாகம் என்ற பெயரில் குறைகேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள், போய் உட்காருங்கள். அதிலும் நடக்காவிட்டால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது. தொழிற்சங்கத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

இன்றிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது விட்டது, வாந்தி, வெளிச்சம், மாதவிடாய் நாள், என்ன மாத்திரை, வேலைக்குப் போனீர்களா. வலி இல்லாத நாளையும் எழுத வேண்டும். அத்தையிடம் இல்லாதது அதுதான். அடுத்தமுறை ரெஃபரி முன்னால், “இன்று வலி இல்லை, மூன்று மாதக் கணக்கு இது” என்று நோட்டை நீட்டுங்கள், அதைப் பார்த்ததாக எழுதச் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்தை என்னவோ கடைசியில் போகிற போக்கில் சொல்கிறீர்கள். தினமுமா? சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்தைத் தாண்டிப் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இதற்கும் மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. வலி வராமல் தடுக்கிற மருந்துகள் தனியாக இருக்கின்றன, புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் என்று. எது உங்களுக்கு என்பதை நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். மெடிக்கல் ஷாப் பையன் சொல்ல வேண்டாம். உங்கள்மேல் உங்களுக்கே இவ்வளவு அலட்சியம் இருந்தால் ரெஃபரியை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

இதற்கெல்லாம் முன்னால் மெமோவுக்குப் பதில் போகட்டும். அது காத்திருக்காது. நோய்க்காலப் பணம் பெறுகிற நாட்களில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 ஈ.எஸ்.ஐ. சட்டமே 73ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. பணம் கிடைத்தால் மெமோவும் தளரும், அதனால் இரண்டையும் தனித்தனியாக நினைக்காதீர்கள். பதிலில் மன்னிப்பெல்லாம் வேண்டாம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மருத்துவச் சான்றோடு விடுப்பில் இருந்தேன், ஈ.எஸ்.ஐ. முடிவை எதிர்த்து மனு கொடுக்கப்போகிறேன், மருத்துவச் சான்றின் நகல் இணைப்பு. ஒரு பக்கம் போதும். ஹெச்.ஆரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். போட மாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.